பென்னிகுவிக் சொத்தை விற்றாரா? ஆதாரம் வைத்திருப்பவர்கள் மட்டும் பேசவும்

பழைய கோப்பு:
இன்று ஜனவரி 15. விடிந்ததிலிருந்து ஒரே செய்தி பதினோரு பேரிடமிருந்து கைப்பேசிக்கு வந்துவிட்டது. முல்லைப் பெரியாறு அணை பாதியில் நின்றதாம், வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாம், அரசு கையை விரித்ததாம், கர்னல் பென்னிகுவிக் இங்கிலாந்துக்குக் கப்பலேறித் தன் சொத்தையெல்லாம் விற்று, மனைவியின் நகையையும் விற்றுப் பணத்தோடு திரும்பி வந்து அணையைக் கட்டி முடித்தாராம். கீழே பொங்கல் பானை, இரண்டு கரும்பு, கைகூப்பும் படம்.

பதினோராவதாக அனுப்பியவர் என் சொந்த மைத்துனர். வங்கியில் மேலாளராக இருந்தவர். நாற்பது காசு இடித்தால் இரவு பத்து மணிவரை கணக்கரை வீட்டுக்கு விடாதவர். அவரும் இதை நம்புகிறார்!

நான் 32 ஆண்டுகள் அரசுக் கணக்கில் குப்பை கொட்டியவன். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். சொத்தை விற்றார் என்றால் ரசீது எங்கே? அரசுப் பணியில் ஓர் அதிகாரி சொந்தப் பணத்தைப் போட்டால் அதை எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைத்தார்கள்? யாராவது பதில் சொல்லுங்கள். கைகூப்பும் படம் வேண்டாம்.

கூடலூர் வயல்காரன்:
நல்ல நாளும் பொழுதுமாக ஆரம்பித்துவிட்டீர்களா ஐயா? எங்கள் வீட்டில் இப்போதுதான் பானை பொங்கியது. சாமி படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுவிக் படம் இருக்கிறது. என் பாட்டனார் மாட்டியது, என் அப்பா சட்டம் மாற்றியது, நான் மாலை போட்டது. என் பெரியப்பா பெயர் லோகன்துரை. பென்னிகுவிக்கின் கீழ் வேலை பார்த்த லோகன் என்ற பொறியாளரின் பெயர் அது. ஒரு விவசாயி தன் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பெயரை ரசீது பார்த்தா வைத்தான்? தண்ணீரைப் பார்த்து வைத்தான்.

அவர் சொத்தை விற்றார். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பழைய கோப்பு:
சின்னப் பிள்ளைக்குத் தெரியும் என்பது ஆதாரம் ஆகாது தம்பி. நிலாவில் பாட்டி வடை சுடுவதும் சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

சும்மா படிப்பவன்:
ஒரு சந்தேகம். "சொத்து" என்று எதைச் சொல்கிறீர்கள்? வீடா, நிலமா, பங்குப் பத்திரமா? "விற்றார்" என்றால் அணைக்காக விற்றாரா, குடும்பத் தேவைக்கு விற்றதை அணையோடு சேர்த்துவிட்டார்களா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பேச வசதியாக இருக்கும்.

கூடலூர் வயல்காரன்:
சொத்து என்றால் சொத்துதான். விற்றார்.

பழைய கோப்பு:
விற்கவில்லை.

சரி, ஆள் யார் என்று தெரியாமலே பொங்கல் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று பூனாவில் பிறந்தார். தகப்பனாரும் இராணுவம், பிரிகேடியர். அவர் பெயரும் ஜான்தான். 1849 ஜனவரி 13, பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியரோடு போர். தகப்பனார் அங்கே விழுந்தார். அவருடைய உடலைக் காத்து நின்ற மூத்த மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் செத்தான். வயது பதினேழு. நம்முடைய ஜானுக்கு அன்று எட்டு வயது நிரம்ப இரண்டே நாள்தான் இருந்தது.

பிறகு செல்டன்ஹாம் கல்லூரி, அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரி. 1858இல் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையில் லெப்டினன்ட். 1860இல் இந்தியா. அந்தப் படையை 1862இல் ராயல் எஞ்சினியர்ஸோடு சேர்த்துவிட்டார்கள். 1868 அபிசீனியப் படையெடுப்புக்கும் போய்வந்தார். 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா ஷாமியரை மணந்தார். ஐந்து பெண்கள், ஒரு பையன். இப்போது சொல்லுங்கள், எட்டு வயதில் தகப்பனை இழந்து, சம்பளத்தில் வாழ்ந்த ஓர் இராணுவ அதிகாரிக்கு எவ்வளவு சொத்து இருந்திருக்கும்?

கூடலூர் வயல்காரன்:
இருந்ததை விற்றார். அதுதான் தியாகம். கோடீஸ்வரன் கொடுத்தால் அது நன்கொடை. உங்கள் கணக்குத் தலைப்பில் தியாகத்துக்கு இடம் இருக்காது.

தமிழாசிரியை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த இழையில் எல்லாரும் "பென்னிகுவிக்" என்றே எழுதுகிறீர்கள். அது ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. அந்த ஊர்க்காரர்கள் "பெனிகுக்" என்றுதான் சொல்கிறார்கள். பேருந்து நிலையப் பலகையில் ஒரு மாதிரி, மண்டபத்தில் ஒரு மாதிரி, சுவரொட்டியில் இன்னொரு மாதிரி. ஆளுக்குக் கோயில் கட்டத் தெரிகிறது, பெயரை எழுதத் தெரியவில்லை.

கூடலூர் வயல்காரன்:
டீச்சர், எங்கள் ஊரில் "பென்னிக்குக்கு" என்றுதான் என் அப்பத்தா சொல்லும். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

பழைய கோப்பு:
எழுத்துப் பிழையை அப்புறம் பார்க்கலாம் அம்மா. முதலில் சொத்துப் பிழை தீரட்டும்.

கணக்குப் போடுகிறேன், பின்தொடருங்கள். திட்டத்துக்கு ஆன செலவு 80 லட்சம் ரூபாய்க்கும் மேல். 1890களில் ரூபாயின் மதிப்பு சரிந்து கிடந்தது. தோராயமாக 16 ரூபாய் கொடுத்தால் ஒரு பவுன். அப்படியானால் 80 லட்சம் என்பது ஐந்து லட்சம் பவுன். எந்த கர்னல் வீட்டில் ஐந்து லட்சம் பவுன் இருந்தது? பக்கிங்ஹாம் அரண்மனையையா விற்றார்?

கூடலூர் வயல்காரன்:
மொத்தச் செலவையும் அவர்தான் போட்டார் என்று யார் சொன்னது? வெள்ளத்தில் போனது போக, குறைந்த பணத்தைப் போட்டார்.

பழைய கோப்பு:
ஆகா! காலையில் "அரசு கையை விரித்தது, அவர் கட்டினார்" என்றீர்கள். மத்தியானம் "குறைந்த பணத்தை" என்கிறீர்கள். இரவுக்குள் "தேநீர் வாங்கிக் கொடுத்தார்" என்பதற்கு வந்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

கூடலூர் வயல்காரன்:
காலையில் அப்படிச் சொன்னவர் உங்கள் மைத்துனர். நான் இல்லை. மைத்துனர் மேல் இருக்கும் கோபத்தை என் மேல் காட்டாதீர்கள்.

பழைய கோப்பு:
என் மைத்துனரை இதில் இழுக்க வேண்டாம்.

கூடலூர் வயல்காரன்:
இழுத்து வந்தவரே நீங்கள்தானே!

சேதுநாட்டான்:
நீங்கள் இருவரும் வெள்ளைக்காரனின் பெட்டியையே நோண்டிக்கொண்டிருங்கள். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற யோசனை யாருடையது? 1789இல் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்து இருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தார். செய்யலாம் என்றார்கள், கையில் பணம் இல்லை. 1808இல் ஆங்கிலப் பொறியாளர் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை, இனி இதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். உங்கள் வெள்ளைக்கார மூளையின் அழகு அவ்வளவுதான். பிள்ளைக்கு எங்கே மண்டபம்? எந்தப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்?

கூடலூர் வயல்காரன்:
யோசனை எல்லாருக்கும் வரும் அண்ணே. எனக்கும் கங்கையைத் திருப்ப யோசனை இருக்கிறது.

சேதுநாட்டான்:
இதுதான் மேட்டுக்காரன் திமிர் என்பது. தண்ணீர் உங்களைத் தாண்டித்தானே எங்களுக்கு வர வேண்டும், அந்தத் தைரியம். எங்கள் கண்மாய்க்கு எத்தனை நாள் வந்தது என்று கேட்டுப்பாருங்கள்.

கூடலூர் வயல்காரன்:
அதைப் பொதுப்பணித் துறையிடம் கேளுங்கள். பழைய கோப்பு ஐயா கணக்குப் பார்த்துச் சொல்வார், அவர்தான் துறைக்கெல்லாம் துறை.

பழைய கோப்பு:
நான் பொதுப்பணித் துறை இல்லை. கணக்குத் துறை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் சொத்துக் கதையை நம்புகிறார்கள்.

சேதுநாட்டான் சொன்ன வரலாறு சரி. அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: 1850இல் சிறிய அளவில் ஓர் அணை கட்டப் பார்த்து, கூலியாட்கள் காய்ச்சலுக்குப் பயந்து ஓடியதால் கைவிட்டார்கள். 1860களில் மேஜர் ரைவ்ஸ் 62 அடி மண் அணைக்குத் திட்டம் போட்டார். தாது வருடப் பஞ்சம் 1876இல் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. பஞ்சத்தில் மக்கள் செத்த பிறகுதான் அரசுக்கு உறைத்தது. 1882இல் பென்னிகுவிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். 1886 அக்டோபர் 29 திருவிதாங்கூரோடு நிலக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் கவர்னர் கன்னிமாரா வேலையைத் தொடங்கிவைத்தார். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து, ஒப்புதல், மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு இருக்கிறது. இந்த வரிசையில் "சொந்தச் சொத்து" எங்கே நுழைந்தது? காட்டுங்கள்.

பீர்மேட்டுக்காரன்:
குத்தகை என்றதும் எட்டிப் பார்த்தேன். நான் பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழன், இரண்டு பக்கத்துக் கதையும் கேட்டு வளர்ந்தவன். இங்கே ஒரு பக்கம் கர்னல் சொத்தை விற்ற கதை. மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் நெஞ்சு இரத்தத்தால் கையெழுத்துப் போட்ட கதை. விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். ஒப்பந்தம் 1886இல். அப்போது மகாராஜா மூலம் திருநாள். கையெழுத்துப் போட்டதோ திவான் ராமய்யங்கார், ஆங்கிலேயர் பக்கம் அவர்களின் பிரதிநிதியான ரெசிடென்ட் ஹானிங்டன். பேனாவில் மைதான் இருந்திருக்கும்.

பழைய கோப்பு:
பார்த்தீர்களா! இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். அணையிலிருந்து தண்ணீரை விடக் கதை அதிகமாகக் கசிகிறது.

கூடலூர் வயல்காரன்:
அணை கசிகிறது என்று சொல்கிறீர்களா? யார் தூண்டிவிட்டு இதை எழுதுகிறீர்கள்? அணை கற்கோட்டை மாதிரி இருக்கிறது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் போட்ட அணை. 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அதையும் ரசீது கேட்பீர்களா?

பழைய கோப்பு:
கதை கசிகிறது என்றேன். அணை கசிகிறது என்று சொல்லவில்லை. வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கூடலூர் வயல்காரன்:
ஒரு வார்த்தையை விட்டால் அள்ள முடியாது ஐயா. எங்கள் பக்கம் இப்படிப் பேசிவிட்டுப் பஸ் ஏற முடியாது.

பீர்மேட்டுக்காரன்:
நான் இரத்தக் கையெழுத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 999 ஆண்டு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000. இது இரத்தத்தை விட வலிக்கும் கணக்கு என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். 1970இல் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள்.

கூடலூர் வயல்காரன்:
இவர் எந்தப் பக்கம் என்று இப்போது புரிந்துவிட்டது.

பீர்மேட்டுக்காரன்:
அது சரி. அந்தப் பக்கம் போனால் பாண்டி, இந்தப் பக்கம் வந்தால் துரோகி. என் பிழைப்பு இப்படி.

கூலிக்காரன் பேத்தி:
இத்தனை பதிவுகளில் ஒருவராவது அணையை யார் கட்டினார்கள் என்று எழுதினீர்களா? பென்னிகுவிக் கட்டினார், பென்னிகுவிக் கட்டினார் என்றால் அவரா கல் சுமந்தார்? மெட்ராஸ் பயனியர்ஸ் முதலாம், நான்காம் பட்டாளங்களின் ஆட்கள், கொச்சியிலிருந்து போன தச்சர்கள், சமவெளியிலிருந்து மலையேறிய கூலிகள். மலேரியா, காலரா. நோயால் மட்டும் 483 பேர் செத்ததாகக் கணக்கு இருக்கிறது. அணைக்கு வடக்கே புதைத்திருக்கிறார்கள். என் பாட்டியின் தாத்தா மலைக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குப் படமும் இல்லை, பெயரும் நினைவில்லை. பழைய கோப்பு ஐயா, அவர் எந்தக் கணக்குத் தலைப்பில் வருவார்?

பழைய கோப்பு:
அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்த இழையின் கேள்வி அது இல்லை. சொத்தை விற்றாரா, இல்லையா?

ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டீர்கள். 1899இல் மெக்கன்சி என்ற பொறியாளர் இந்தத் திட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதினார். சென்னை அரசே அச்சிட்டது. காய்ச்சலைப் பற்றி எழுதினார். உள்நாட்டுச் சாராயத்தின் மருத்துவக் குணம் இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்றுகூட எழுதினார். சாராயத்துக்கு நன்றி சொன்ன மனிதர், தலைமைப் பொறியாளர் வீட்டை விற்றதை மறந்துவிடுவாரா? அவர் முழுப் புத்தகத்திலும் நகை விற்ற கதையை நான் பார்க்கவில்லை.

கூடலூர் வயல்காரன்:
அரசு அச்சிட்ட புத்தகத்தில், அரசு பணம் தரவில்லை என்று எழுதுவார்களா? நீங்கள் 32 ஆண்டு அரசில் இருந்தும் இது தெரியவில்லையா? அதில் இல்லாததே விற்றதற்கு ஆதாரம்.

பழைய கோப்பு:
இல்லாததே ஆதாரம்! இந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு உங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

கூடலூர் வயல்காரன்:
சாமி படத்தைப் பற்றிப் பேசினால் நடப்பதே வேறு.

நெறியாளர்:
நண்பர்களே, தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தலைப்பை ஒட்டி எழுதுங்கள். பொங்கல் வாழ்த்துகள்.

சும்மா படிப்பவன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சொத்து என்பது இங்கிலாந்தில் இருந்ததா, இந்தியாவில் இருந்ததா?

கூலிக்காரன் பேத்தி:
சொத்தை விடுங்கள். இராணுவ அதிகாரியை ஏன் எல்லாரும் பொறியாளர், பொறியாளர் என்று பூசி மெழுகுகிறீர்கள்? தகப்பன் செத்தது பஞ்சாபைப் பிடிக்கப் போன போரில். மகன் போனது அபிசீனியாவுக்கு. பேரரசுக்கு எங்கே ஆள் வேண்டுமோ அங்கே போகும் குடும்பம். அணையைக் கட்டியதும் தர்மத்துக்காக இல்லை. தரிசு நஞ்சையானால் தீர்வை ஏறும், தண்ணீர் வரி வரும். பஞ்சத்தில் செத்தவன் வரி கட்ட மாட்டான் என்று தெரிந்துகொண்ட அரசு.

சேதுநாட்டான்:
இது சரியான பேச்சு. கூடவே முத்து இருளப்ப பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் வயல்காரன்:
அக்கா, உங்கள் பாட்டியின் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் நான் மாலை போடுகிறேன். ஆனால் அந்த மனிதரைப் பேரரசு என்று ஒரே வார்த்தையில் மூட வேண்டாம். போட்ட தடுப்புகளை எல்லாம் வெள்ளம் அடித்துப் போன பிறகும் காட்டை விட்டுப் போகாதவர். யானையும் அட்டையும் காய்ச்சலும் இருந்த காட்டில் எட்டு மழைக்காலம். அப்படிப்பட்டவர் சொத்தை விற்றிருக்க மாட்டாரா?

பழைய கோப்பு:
"விற்றிருக்க மாட்டாரா" என்பது இலக்கணத்தில் என்ன வகை என்று டீச்சரைக் கேளுங்கள். காலையில் "விற்றார்". இப்போது "விற்றிருக்க மாட்டாரா".

தமிழாசிரியை:
எதிர்மறை வினா. உடன்பாட்டுப் பொருள் தரும். ஆனால் ஐயா, நீங்களே நான்கு இடங்களில் "பென்னிகுவிக்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம், ரசீது என்று மற்றவர்களைக் கேட்பவர் ஒரு பெயரைச் சரிபார்க்க வேண்டாமா?

பழைய கோப்பு:
வழக்கில் உள்ளதை எழுதினேன்.

தமிழாசிரியை:
சொத்தை விற்றார் என்பதும் வழக்கில் உள்ளதுதானே?

கூடலூர் வயல்காரன்:
டீச்சர்! உங்கள் வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் அனுப்புகிறேன். முகவரி மட்டும் சொல்லுங்கள்.

பழைய கோப்பு:
எல்லாரும் சேர்ந்து சிரியுங்கள். நான் தனி ஆள்தான், தெரியும். அலுவலகத்திலும் இப்படித்தான், வவுச்சர் இல்லாமல் பட்டியலை அனுமதிக்க மாட்டேன் என்றால் மேசைக்கு மேசை சிரிப்பார்கள். தணிக்கை வரும்போது யார் சிரித்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

கேளுங்கள். அணை முடிந்த மறு ஆண்டு, 1896இல், அவர் இங்கிலாந்து திரும்பி கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவரானார். 1899வரை அந்தப் பதவி. பெரியாற்றைத் திருப்பியதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குச் சிவில் பொறியாளர் சங்கம் பரிசு கொடுத்தது. 1899இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார். பிரிட்டிஷ் அரசு கொடுத்த சி.எஸ்.ஐ. பட்டம் இருந்தது. சென்னை சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்தவர். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். ஃபிரிம்லி தேவாலயத்தில் கல்லறை. ஒரே மகன் பின்னால் பெரிய நீதிபதி, சர் பட்டம் பெற்றவர். இது சொத்தையெல்லாம் விற்றுவிட்டு ஓட்டாண்டியான மனிதரின் வாழ்க்கையா? பதவி, ஓய்வூதியம், பட்டம், கல்லறை, எல்லாம் ஒழுங்கு. சொத்து விற்ற மனிதர் இப்படி இருப்பாரா?

கூடலூர் வயல்காரன்:
சொத்தை விற்றவர் வேலைக்குப் போகக் கூடாதா? விற்றதால்தான் ஐம்பத்தைந்து வயதில் கல்லூரி வேலைக்குப் போனார். நீங்களே ஆதாரம் கொடுத்துவிட்டீர்கள். நன்றி ஐயா.

பழைய கோப்பு:
கடவுளே!

சேதுநாட்டான்:
மதுரையில் அவர் குடியிருந்த வீட்டை இடித்து நூலகம் கட்டுகிறார்கள் என்று 2021இல் ஒரு கூச்சல் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? கட்டடமே அவர் செத்த பிறகு எழுந்தது என்று அரசு சொன்னது. 1911இல் செத்தவர் 1913இல் முடிந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பார்? ஆவியாக வந்து தண்ணீர் அளந்தாரா?

கூடலூர் வயல்காரன்:
அது கட்சிக்காரர்கள் சண்டை. எங்களை அதில் சேர்க்க வேண்டாம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் கட்டியது ஒரு கட்சி, கேம்பர்லியில் சிலை வைத்தது இன்னொரு கட்சி. நாங்கள் இரண்டுக்கும் கை தட்டினோம்.

கூலிக்காரன் பேத்தி:
483 பேருக்கு எந்தக் கட்சியும் ஒன்றும் கட்டவில்லை.

பீர்மேட்டுக்காரன்:
அக்கா சொல்வதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு முறை தேக்கடியிலிருந்து படகில் அணைப்பக்கம் போக நேர்ந்தது. தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. நூற்று முப்பது ஆண்டுகளாகச் செத்த மரம் நிற்கிறது என்று படகோட்டி சொன்னார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சொத்துக் கதையெல்லாம்

பழைய கோப்பு:
பாதியில் நிறுத்திவிட்டீர்கள். "சொத்துக் கதையெல்லாம்" என்ன? நம்புகிறீர்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பீர்மேட்டுக்காரன்:
கை தவறி அனுப்பிவிட்டேன். மின்சாரம் போய்விட்டது. பிறகு எழுதுகிறேன்.

கூடலூர் வயல்காரன்:
ஐயா, நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? மதுரை என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் குழாயில் வரும் தண்ணீர் வைகைத் தண்ணீர். அந்த வைகையில் பாதி நாள் ஓடுவது, மலையைக் குடைந்த அந்த ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியாக வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர். காலையில் அதில் காபி குடித்துவிட்டு, மாலையில் அந்த மனிதரிடம் ரசீது கேட்கிறீர்கள்.

பழைய கோப்பு:
நான் குடிநீர் வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். ரசீது இருக்கிறது. 2003இலிருந்து வரிசையாக இருக்கிறது. வேண்டுமா?

அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று யார் சொன்னது? உங்களை விட எனக்கு அதிகம். அரசுப் பணத்தில், அரசு நேரத்தில், அரசு மதிப்பீட்டுக்குள் நிற்க முடியாமல் தவித்து, திருத்திய மதிப்பீட்டுக்கு மேலிடத்தில் மன்றாடி ஒரு வேலையை முடிப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? வீட்டை விற்பது அதைவிடச் சுலபம். நீங்கள் அவரை வள்ளலாக்கிவிட்டு, அதிகாரியாக அவர் செய்ததைத் துடைத்துவிடுகிறீர்கள். எனக்கு எரிச்சல் அதனால்தான்.

கூலிக்காரன் பேத்தி:
இன்று முழுவதும் நீங்கள் எழுதியதில் இதைத்தான் ஒத்துக்கொள்வேன். பாதி மட்டும்.

கூடலூர் வயல்காரன்:
நன்றாகப் பேசினீர்கள் ஐயா. கண் கலங்கிவிட்டது. ஆனால் சொத்தை விற்றார்.

பழைய கோப்பு:
ரசீது?

கூடலூர் வயல்காரன்:
நன்றி?

பழைய கோப்பு:
எட்டாவது முறையாகக் கேட்கிறேன். விற்பனைப் பத்திரம், வங்கிப் பற்று, கடிதம், ஏதாவது ஒரு துண்டுக் காகிதம். நாளை காலை பத்து மணிவரை நேரம் தருகிறேன்.

கூடலூர் வயல்காரன்:
நாளை மாட்டுப் பொங்கல். பத்து மணிக்கு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பேன். உங்கள் காகிதத்தை விட என் மாட்டுக்கு அவரைப் பற்றித் தெரியும்.

சும்மா படிப்பவன்:
மாடு சொன்னாலும் பரவாயில்லை, சொத்து என்றால் எது என்று யாராவது சொல்லுங்கள்.

தமிழாசிரியை:
இப்போது "பென்னிக்குக்கு" என்று தேடினால் இந்த இழைதான் முதலில் வருகிறது. எல்லாருக்கும் வெட்கமாக இல்லையா?

சேதுநாட்டான்:
முத்து இருளப்ப பிள்ளைக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒருவர்கூட வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

பழைய கோப்பு:
விவாதத்தை நான் இத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஆதாரம் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. புதிதாக வருபவர்கள் முதல் பதிவிலிருந்து படிக்கவும். ஆதாரம் இல்லாமல் இனி யாரும்

கூடலூர் வயல்காரன்:
ஐயா, போவதற்கு முன் ஒன்று. சென்ற ஆண்டு இதே இடத்தில் வைகை அணை 1958இல் திறந்தது என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். 1959 ஜனவரி என்று நான் சொன்னபோது "தம்பிக்கு அனுபவம் போதாது" என்றீர்கள். அந்த 1958க்கு ரசீது இருக்கிறதா?

பழைய கோப்பு:
நான் வேலை முடிந்ததைச் சொன்னேன். திறந்ததைச் சொல்லவில்லை. அந்தப் பதிவைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், அப்படியே ஒட்டுகிறேன், பொறுங்கள்.